வாயில்லாப் பயணி

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். "வேலை வாய்ப்பு, தலைமைப் பண்பு இதையெல்லாம் பேசத்தான் வேறு ஆட்கள் இருக்காங்களே, நான் நாயைப் பற்றிப் பேசறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாயா?" "ஆமாம், சின்ன விமானத்தில் நாயை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போவது எப்படின்னு." "சரி, இருபது நிமிஷம்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். கடிகாரத்தை அவர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுகிறேன். 'சொந்த விமானம்' என்றதும் தோல் சோபாவும் பழச்சாறும் உங்கள் கண்ணில் வந்து நிற்கும். என்னுடையது செஸ்னா 172. 1955ல் முதன்முதலாகப் பறந்த ரகம். இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஒரே இன்ஜின், நாலு சீட்டு, 160 குதிரைத்திறன். எங்களுடையது 1979ஆம் வருஷத்து மாடல். நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம். பழைய அம்பாஸடர் காருக்கு இறக்கை முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். சீட்டு உறை கிழிந்திருக்கும், கதவை அழுத்திச் சாத்தவேண்டும். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம் போகும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் கீழே சாலையில் போகும் லாரி நம்மை முந்திக்கொண்டு போவதைப் பார்க்கும் பாக்கியமும் கிடைக்கும்.

நாயின் பெயர் மணி. தெருவுக்கு ஒரு மணி இருக்கிற ஊரிலிருந்து போனவன் வேறு என்ன பெயர் வைப்பேன்? அமெரிக்க நண்பர்கள் காதில் அது பணம் என்று விழுகிறது. 'இந்தியாக்காரன் நாய்க்குக்கூடப் பணத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறான்' என்று அலுவலகத்தில் ரொம்ப நாள் சிரித்தார்கள். காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கறுப்பு லாப்ரடார் கலப்பு. எடை 31 கிலோ. பெரிய விமான நிறுவனங்களில் பூனை அளவு நாய் என்றால் கூண்டில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். 31 கிலோ என்றால் சரக்கு அறைதான், அதுவும் அவர்கள் மனசு வைத்தால். அவனையும் கூட்டிக்கொண்டு லீவுக்குப் போகவேண்டும் என்றால் ஒன்று கார், இல்லாவிட்டால் இந்தச் செஸ்னா.

முதல் நாளே ஏற்றிக்கொண்டு பறந்துவிட முடியாது. முதல் வாரம் இன்ஜினை முடுக்காமல் அவனை உள்ளே உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தோம். அடுத்து, காதுக்கு மூடி போட்டுப் பழக்கினோம். சின்ன விமானத்துக்குள் சத்தம் காதைப் பிளக்கும். விமானிகள் ஹெட்செட் இல்லாமல் உட்கார மாட்டார்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். நமக்கே தாங்காத சத்தம் அதற்கு எப்படி இருக்கும்? நாய்களுக்கென்றே 'மட் மஃப்ஸ்' என்று ஒரு காது மூடி விற்கிறார்கள். அதைப் போட்டதும் மணி இரண்டு நாள் தலையைத் தரையில் தேய்த்தான். மூன்றாம் நாள், மூடி வந்தால் பிஸ்கட் வரும் என்ற கணக்கு புரிந்ததும் தானே தலையை நீட்டினான். அப்புறம் இன்ஜினை ஓட்டி, தரையிலேயே ஒரு சுற்று. அப்புறம் இருபது நிமிஷம் ஆகாயத்தில். பத்தாவது நிமிஷம் திரும்பிப் பார்க்கிறேன், பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு முதல் தடவை பறந்தபோது உள்ளங்கை வியர்வையில் சட்டை நனைந்தது. அவனுக்கு அது டவுன் பஸ் மாதிரி.

இந்தத் தூக்கத்தைப் பற்றிப் பின்னால் பேசவேண்டியிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் நாய்க்கு என்ன ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் விழுவதைப் பற்றித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதிக பயம் தரையில்தான். முன்னால் சுற்றுகிற ப்ரொப்பெல்லர் வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. காற்றில் ஒரு மங்கல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விமானம் நின்றதும் குடும்பத்தில் யாரையாவது பார்த்து நாய் குதித்து ஓடினால் கதை முடிந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இன்ஜின் முழுக்க நின்று, சாவியை எடுத்து நான் டாஷ்போர்டு மேல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்த பிறகுதான் கதவு திறக்கும். கதவு திறப்பதற்கு முன்னாலேயே நாயின் கயிறு ஒருத்தர் கையில் சுற்றியிருக்கவேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் அன்றைக்கு எனக்கு வீட்டில் மரியாதை கிடையாது, நான் யாருக்கும் மரியாதை கொடுப்பதும் கிடையாது.

இங்கே மெக்கானிக்கல் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு கூட்டல் கழித்தல். எங்கள் விமானம் கிளம்பும்போது மொத்தம் 2,300 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது 1,043 கிலோ. காலி விமானம் மட்டும் 662 கிலோ. மிச்சம் 381. டாங்கி நிறையப் பெட்ரோல் 109. மிச்சம் 272. நான் 77, என் மனைவி 64 (இதை வெளியே சொன்னதற்கு இன்று ராத்திரி விசாரணை இருக்கிறது), மகள் 50. மிச்சம் 81. மணி 31, பெட்டி படுக்கை 20. முப்பது கிலோ தேறுகிறது. 'அப்புறம் என்ன, ஜாலிதானே' என்கிறீர்கள். எடையோடு அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கு. விமானத்தின் புவியீர்ப்பு மையம் முன்னும் பின்னும் நகர அனுமதி உள்ள மொத்த தூரமே முழு எடையில் ஒரு சாண்தான். மணி பின்சீட்டை விட்டுத் தாண்டி சாமான் வைக்கும் இடத்துக்குப் போனால் மையம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகரும். நீங்கள் பயணம் பண்ணும்போது பெட்டி எழுந்து நடக்காது. நாய் நடக்கும்.

நடந்தால் பின்னால் மட்டும் போகும் என்று யார் சொன்னது? காற்று தூக்கிப் போடும்போது பயந்து முன்னால் பாய்ந்து என் மடியில் ஏறினால், கட்டுப்பாட்டுக் கைப்பிடி அவன் மார்புக்கு அடியில் போய்விடும். ஆகையால் மார்புப் பட்டை போட்டு, அதை சீட்டு பெல்ட்டில் கோத்துவிடுவோம். கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது. குலுங்கினால் அதுவே தூக்குக் கயிறு.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று வக்கீல் நண்பர் ஒருத்தர் காலையில் காபி குடிக்கும்போது கேட்டார். விமானத்தில் இருக்கிற ஆட்கள் பெல்ட் போடவேண்டும் என்று அமெரிக்க விதி இருக்கிறது. நாய் சட்டப்படி 'ஆள்' கணக்கில் வராது. விமானத்தை ஓட்டுகிறவனே அதற்கு முழுப் பொறுப்பு, கடைசி முடிவு அவனுடையது என்று இன்னொரு விதி இருக்கிறது. என் மணியைப் பொறுத்தவரைக்கும் இருக்கிற விதி அது ஒன்றுதான்.

பிராணவாயு விஷயத்திலும் அப்படித்தான். 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் பறந்தால் விமானி பிராணவாயு எடுத்துக்கொள்ளவேண்டும். 14,000 அடிக்கு மேல் விடாமல் எடுக்கவேண்டும். 15,000 அடிக்கு மேல் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். எல்லாம் மனிதர்களுக்குச் சொன்னது. பெரிய ஜெட் விமானத்தில் நீங்கள் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்து, 8,000 அடி உயரத்து மலையில் இருக்கிற அழுத்தத்துக்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். சரக்கு அறையில் இருக்கும் நாய்க்கும் அதே அழுத்தம்தான். செஸ்னாவில் அந்த ஏற்பாடு கிடையாது. வெளியே என்ன காற்றோ அதுதான் உள்ளேயும். 10,000 அடியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எழுபது சதவீதம்.

பிராணவாயு குறைந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? தலை லேசாக வலிக்கும், நகம் நீலம் பாயும். அதைவிட மோசம், ஒரு சந்தோஷம் வரும். எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று தோன்றும். விமானிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விரலில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும். கோவிட் சமயத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தீர்களே, அதேதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம், "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு" என்பேன். அவள் தடுமாறினால் கீழே இறங்கவேண்டும். தடுமாறாமல், "நீங்க முதல்ல சொல்லுங்க" என்றால் நிலைமை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நாயிடம் வாய்ப்பாடு கேட்க முடியாது. அந்தக் கருவியை ரோமம் மூடிய காலில் மாட்டினால் ஒழுங்காக எண் காட்டாது. கால்நடை மருத்துவர்கள் மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு நாக்கில் மாட்டிப் பார்ப்பார்கள். விழித்திருக்கும் நாய் நாக்கைக் கொடுக்குமா? ஈறின் நிறத்தைப் பார் என்பார்கள். ரோஜா நிறமாக இருந்தால் சரி, வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ ஆபத்து. ஆனால் ஓட்டிக்கொண்டிருக்கிறவன் திரும்பி நாயின் உதட்டைத் தூக்கிப் பார்க்க முடியாது. அது பின்சீட்டில் இருக்கிறவரின் வேலை. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என் மகள் அவனை எழுப்பி, உதட்டைத் தூக்கிப் பார்த்து, "பிங்க்!" என்று கத்துவாள். பாவம் அவன், நல்ல தூக்கத்தில் பல் பரிசோதனை.

எதற்காக எழுப்பவேண்டும்? இதுதான் இன்று நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமான விஷயம். விமானத்தில் நாய் தூங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம். 'பாருங்க எவ்வளவு சமர்த்தா வர்றான்' என்போம். தூங்குகிற நாயும் மயங்கிக் கிடக்கிற நாயும் முன்சீட்டிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். நம் ஊரில் வாயில்லா ஜீவன் என்று ஒரு வார்த்தை சொல்கிறோம். நான் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அதன் முழு அர்த்தம் எனக்கு 9,500 அடியில்தான் தெரிந்தது. மனிதப் பயணி 'எனக்கு ஒரு மாதிரி இருக்கு, இறக்கி விடு' என்பான். கிளம்புவதற்கு முன்னாலேயே 'இந்த வானத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கலை, நான் வரலை' என்பான். நாய் கயிற்றைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஏறிவிடும். எங்கே போகிறோம், காற்று எப்படி, இந்த ஆளுக்கு ஓட்டத் தெரியுமா, எதுவும் கேட்காது. அது கேட்காத கேள்வியையெல்லாம் அதன் சார்பில் நாம்தான் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

பிராணவாயுவாவது உயரத்தோடு போச்சு. இன்னொரு எமன் எந்த உயரத்திலும் வரும். இந்த மாதிரி விமானத்தில் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? இன்ஜின் புகை வெளியேறும் சைலன்ஸரைச் சுற்றி ஒரு தகரக் கூடு. அதன் வழியாக வெளிக்காற்று ஓடிச் சூடாகி உள்ளே வரும். சைலன்ஸரில் மயிரிழை விரிசல் விழுந்தால், சூட்டோடு சேர்ந்து கார்பன் மோனாக்ஸைடும் உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை. ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி என்று குளிர் ஏறும்போது ஹீட்டரைப் போடாமல் இருக்கவும் முடியாது. 2019 ஜனவரி 21 ராத்திரி, எமிலியானோ சாலா என்ற கால்பந்து வீரர் பிரான்ஸிலிருந்து வேல்ஸுக்கு ஒரு இன்ஜின் பைப்பர் விமானத்தில் போகும்போது கடலில் விழுந்து இறந்தார். பரிசோதனையில் அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருந்த அளவு 58 சதவீதம். விமானியும் அதே காற்றைத்தான் சுவாசித்திருப்பார் என்று பிரிட்டிஷ் விசாரணையில் சொன்னார்கள். சாலா வளர்த்த நாலா என்ற நாய் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் படத்தை அவருடைய சகோதரி அப்போது வெளியிட்டார். அந்த நாய் அன்றைக்குக் கூடப் போகவில்லை. எங்கள் விமானத்தில் அலாரம் அடிக்கிற கார்பன் மோனாக்ஸைடு கருவி இருக்கிறது. இரண்டு தோசை சாப்பிடுகிற காசுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் விமானத்தில் இருக்கிற மற்ற கருவிகளை வைத்துப் பார்த்தால் மலிவுதான்.

கொஞ்சம் சரித்திரமும் சொல்லிவிடுகிறேன். 1930ல் ராஸ்கோ டர்னர் என்ற அமெரிக்க விமானி கில்மோர் என்ற சிங்கக்குட்டியோடு ஊர் ஊராகப் பறந்தார். கில்மோர் என்பது பெட்ரோல் கம்பெனியின் பெயர், விளம்பரத்துக்குத்தான். மிருகவதைத் தடுப்புக்காரர்கள் சண்டை போட்டதால் சிங்கத்துக்கென்று தனி பாராசூட் தைத்தார். குட்டி வளர்ந்து எடை ஏறியதும் பறப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆன்டிஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட், பிரிட்டிஷ் விமானப் படையிலிருந்த ஒரு செக் வீரரோடு குண்டுவீச்சு விமானத்தில் பலமுறை பறந்தது. 1949ல் டிக்கின் பதக்கம் வாங்கியது. எல்லோருக்கும் தெரிந்த பெயர் லைக்கா. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2ல் ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வர வழியே இல்லாத பயணம். பல நாள் உயிரோடு இருந்தது என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டோம். 2002ல் ரஷ்ய விஞ்ஞானி ஒருவர் உண்மையைச் சொன்னார். கிளம்பிச் சில மணி நேரத்திலேயே உஷ்ணம் தாங்காமல் இறந்துபோயிருக்கிறது. அந்தப் படத்தில் பாருங்கள், காதை நிமிர்த்திக்கொண்டு எவ்வளவு நம்பிக்கையாக உட்கார்ந்திருக்கிறது.

உஷ்ணம் என்றதும் டாஹோ ஏரி ஞாபகம் வருகிறது. கலிபோர்னியாவில் எங்கள் பாலோ ஆல்டோ விமானத்தளம் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே சியரா மலைத் தொடரைத் தாண்டினால் டாஹோ. காரில் நாலு மணி நேரம், விமானத்தில் ஒன்றரை. சாலை மலையைத் தாண்டும் எக்கோ கணவாய் 7,382 அடி. மலைமுகட்டுக்கு மேல் இரண்டாயிரம் அடியாவது விட்டுப் பறக்கவேண்டும் என்பது விமானிகளின் வழக்கம். ஆக 9,500 அடி. மணியோடு நான் போகிற உச்ச உயரம் அதுதான் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தேன்.

ஒரு ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பவேண்டும். டாஹோ விமானத்தளம் 6,200 அடிக்கு மேலே. கிட்டத்தட்ட கொடைக்கானல் மாதிரி, கொஞ்சம் தாழ்வு. அன்றைக்கு வெயில் 30 டிகிரி. சூடான காற்று மெலிந்த காற்று. அந்த உஷ்ணத்தில் தரையில் நிற்கும் விமானத்துக்கு அது 9,500 அடி உயரத்துக் காற்று. தொட்டபெட்டா உச்சியில் இருப்பதைவிட மெலிசு. எடைக் கணக்கு காகிதத்தில் சரி. ரன்வே நீளம் 8,500 அடி, அதிலும் பிரச்சினை இல்லை. கிளம்பிவிடலாம். கிளம்பின பிறகு நிமிஷத்துக்கு முந்நூறு அடி ஏறினால் பெரிய விஷயம். ஏரிக்கு மேல் சுற்றிச் சுற்றி உயரம் பிடித்துத்தான் கணவாய்ப் பக்கம் திரும்பவேண்டும். மலை மேல் காற்றும் பலமாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மனைவிக்கு அலுவலகத்தில் முக்கியமான கூட்டம். மகளுக்குக் கோடை வகுப்பு. விமானத்துக்கு வெளியே தார்த்தரை கொதிக்கிறது. மணி ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நாக்கு தொங்குகிறது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை இறக்கவேண்டும். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும் அந்த காக்பிட்டில், ஏரிக்கு மேல் அரை மணி சுற்றும் வரைக்கும் உள்ளே அடுப்புதான். நாங்கள் மூன்று பேர் என்றால், 'கொஞ்சம் குலுக்கும், பொறுத்துக்குங்க' என்று கேட்டிருப்பேன். அவர்களும் சம்மதித்திருப்பார்கள். நாலாவது ஆளிடம் எப்படிக் கேட்பது? அவனும் வாலை ஆட்டினான். அது சம்மதம் ஆகாது.

"நாளைக்குக் காலையில் போகலாம்" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் அதிகம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். நாயோடு தங்க இடம் கொடுக்கிற ஓட்டலைத் தேடி அலைந்தோம். விடியற்காலை ஆறு மணிக்கு ஐந்து டிகிரி குளிர், காற்று அசையவில்லை. அதே விமானம் காத்தாடி மாதிரி ஏறியது. இறங்கும்போது நிமிஷத்துக்கு ஐந்நூறு அடிக்குள்தான் இறக்குவேன். வேகமாக இறக்கினால் காது அடைக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சரிபண்ணிக்கொள்வோம், அவனுக்கு அந்த யோசனை வராது. அதற்காக மகள் ஒரு துண்டு சீஸ், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு துண்டு என்று கொடுத்துக்கொண்டே வந்தாள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். கூட்டம் தவறிப்போனது. அதைப் பற்றி நான் இங்கே மேற்கொண்டு பேசவில்லை, சம்பந்தப்பட்டவர் நாலாவது வரிசையில் இருக்கிறார்.

மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன வருஷம் வழக்கமான பரிசோதனையில் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம். வால்வு ஒழுங்காக மூடவில்லை. மாத்திரை எழுதினார். "நாங்கள் இவனோடு பறப்போம்" என்றேன். அவருக்கு அது தெரியும். "கடல் மட்டத்திலேயே இவன் இதயம் ஓவர்டைம் பார்க்கிறது" என்றார். நான் பேரம் பேசினேன். மலைக்கு வேண்டாம், பக்கத்துக் கடற்கரைக்கு, பதினைந்து நிமிஷம், மூவாயிரம் அடிக்குக் கீழே? அவர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. "உயரம் ஒன்றும் பண்ணாமல் போகலாம். ஆனால் பின்சீட்டில் இவன் படுத்திருக்கும்போது தூங்குகிறானா, மயங்கிவிட்டானா என்று உங்களால் சொல்லமுடியுமா?" என்று கேட்டார். பத்து வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

அதோடு நிறுத்திவிட்டோம். கடைசியாக ஒரு தடவை என்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. மகள் கேட்டாள். கடைசியாக ஒரு தடவை என்பது நமக்குத்தான் வேண்டும், அவனுக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஹெட்செட் பையை நான் எடுத்தால் இப்போதும் மணி எழுந்து, மெதுவாக, வாசலுக்கு வந்து நிற்கிறான். அதனால் முந்தின நாள் ராத்திரியே பையைக் காரில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்.

பின்சீட்டு காலியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் 2008ல் 'பைலட்ஸ் என் பாஸ்' என்று ஒரு அமைப்பு தெற்கு கரோலினாவில் தொடங்கினார்கள். இடமில்லாத காப்பகத்திலிருந்து, நாயை எடுத்து வளர்க்க ஆள் இருக்கிற ஊருக்கு விமானிகள் சொந்தச் செலவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். என்னைப் போன்ற சாதாரண லைசென்ஸ்காரன் கூலி வாங்கிக்கொண்டு ஓட்டக்கூடாது. இது கூலியில்லா வேலை, ஆகையால் பிரச்சினை இல்லை. நானும் அந்த மாதிரி சேவைதான் செய்கிறேன். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. அங்கேயிருந்து வடக்கே ரெட்டிங் வரைக்கும் நான், அதற்கு மேல் ஓரிகனுக்கு இன்னொருத்தர். தபால் கைமாற்றுகிற மாதிரி. பள்ளத்தாக்கின் மேலேயே 4,500 அடியில் போய்விடலாம், மலை இல்லை.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் இப்படி மூன்று நாய்களை ஏற்றிச் சென்ற விமானம் விழுந்தது. விமானி இறந்தார், ஒரு நாய்க்குட்டி இறந்தது. இரண்டு நாய்கள் பிழைத்தன. ஒன்று பனியில் தனக்குக் குழி பறித்துப் படுத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு ஒரு பயணம் ஒப்புக்கொண்டது இருந்தது. வானிலை அறிக்கையை நாலு தடவை பார்த்தேன். மேகம் தாழ்வாக இருந்தது. வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். ஐந்து குட்டிகள் காப்பகத்தில் இன்னும் மூன்று நாள் காத்திருந்தன. நாலாம் நாள் வெயில் அடித்தது, போனேன். ஒரே கூண்டில் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்திய கத்தலில் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. கத்துகிற பயணி எவ்வளவு நிம்மதி என்று அன்றைக்குத் தெரிந்தது.

'நாய் வாந்தி எடுக்குமா சார்?' என்று ஒரு மாணவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். எடுக்கும். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்தினால் குறையும். பழைய பெட்ஷீட்டும், பிளாஸ்டிக் பைகளும், தண்ணீரும் எப்போதும் வைத்திருக்கவேண்டும். 'தூக்க மாத்திரை கொடுக்கலாமா' என்று இன்னொரு சீட்டு. கூடாது. மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அது குறைத்துவிடும், நான் சொன்ன தூக்கம் மயக்கம் குழப்பம் இன்னும் பெரிதாகிவிடும். 'எவ்வளவு செலவாகும்' என்று மூன்றாவது சீட்டு. அதைத் தனியாகச் சொல்கிறேன், மனைவி இல்லாத இடத்தில்.

செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். மணியின் காது மூடியும், எங்கள் விமானத்தின் எடைக் கணக்குத் தாளும் என் பையில் இருக்கின்றன. மெக்கானிக்கல் பிளாக் பக்கத்து வேப்பமரத்தடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்திருப்பேன். பார்க்க விருப்பமுள்ள மாணவர்கள் வரலாம், கால்குலேட்டர் கொண்டுவாருங்கள்.